கபோனைக் கவிழ்த்த கணக்கர்கள்: தெரியுமா?

உயிருக்குப் பயந்து ஒளியும் கணக்கர். அவரைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கும் அதிகாரி. திகில் காதல் நாவல்களில் அலுக்க அலுக்கப் படித்த கதைதானே என்கிறீர்களா? அமெரிக்காவில் 1931ல் இது நிஜமாகவே நடந்தது, தெரியுமா?

சிகாகோவே தாதா அல் கபோனைக் கண்டு நடுங்கிய நேரம். கொலை வழக்கு எதுவும் அவரைத் தொடவில்லை. தொட்டது பழைய பேரேடுகள்! 1926ல் சிசரோ நகரின் சூதாட்ட விடுதி ஒன்றில் போலீசார் அள்ளி வந்த அந்தப் புத்தகங்களை நாலு வருடம் சீந்துவாரில்லை. வரித்துறைப் புலனாய்வு அதிகாரி ஃபிராங்க் வில்சன் ஓரிரவு தம் காகிதங்களை வைத்துப் பூட்ட இடம் தேடி ஒரு பழைய அலமாரியைத் திறக்க, உள்ளே பழுப்புக் காகிதப் பொட்டலம். பிரித்தால் கபோனின் வரவு செலவு!

எழுதியவர் யார்? கையெழுத்துதான் ஒரே துப்பு. வங்கிச் சீட்டுகளைச் சலித்துச் சலித்து, லெஸ்லி ஷம்வே என்ற கணக்கரை அடையாளம் கண்டார் வில்சன். ஆள் அகப்பட்டது மியாமி நாய்ப் பந்தய மைதானத்தில். கபோனின் மாளிகை இருந்ததும் மியாமியை ஒட்டித்தான், என்ன துணிச்சல்! பலர் பார்க்கச் சம்மன் கொடுத்தால் கபோன் ஆட்களே கணக்கை முடித்துவிடுவார்கள், ரகசியமாக வந்தால் உயிருக்கு நான் பொறுப்பு என்று வில்சன் வழி காட்ட, ஷம்வே வந்துவிட்டார்.

இன்னொரு சாட்சியான காசாளர் ஃபிரெட் ரீஸ் வாயே திறக்கவில்லை. அவருக்குப் பூச்சி என்றால் குலை நடுங்கும். பார்த்துப் பார்த்துப் பூச்சிகள் ஊரும் சிறையில் அடைத்தார்கள். சில நாளில் பேசிவிட்டார்! (இதைப் பாதுகாப்பு என்பதா, சித்திரவதை என்பதா?) விசாரணை வரை அவரைக் காவலோடு தென் அமெரிக்காவுக்கே அனுப்பிவைத்தார்கள்.

காதல் எங்கே என்கிறீர்களா? சிகாகோ ஹோட்டலில் வில்சனோடு தங்கியிருந்தவர் மனைவி ஜூடித். யாரைத் துரத்துகிறோம் என்று அவரிடம்கூட வில்சன் மூச்சு விடவில்லையாம்! கூலிப்படை வருகிறது என்று தகவல் வந்ததும், ஊருக்குப் போவதாகச் சொல்லி இருவரும் ரயில் நிலையம் வரை போய், அங்கிருந்து நைசாக வேறொரு ஹோட்டலில் புகுந்தார்கள்.

ஜூரிகளையே கபோன் தரப்பு வளைக்கப் பார்த்தது. நீதிபதி வில்கர்சன் கடைசி நிமிடத்தில் மொத்தப் பட்டியலையும் மாற்றிப்போட்டார். கடைசியில் கபோனுக்கு வரி ஏய்ப்புக்காக 11 வருடச் சிறை, 50,000 டாலர் அபராதம்!

1987ல் வந்த 'தி அன்டச்சபிள்ஸ்' படத்தில் கபோனின் கணக்கரைப் பிடிக்க ரயில் நிலையப் படிக்கட்டில் துப்பாக்கிகள் வெடிக்கும், குழந்தை வண்டி உருளும். வில்சனை நினைவூட்டும் பாத்திரத்தை லிஃப்டிலேயே கொன்றுவிடுவார்கள். நிஜ வில்சனோ பிறகு அமெரிக்க ரகசிய சேவையின் தலைவராகி, 83 வயது வரை வாழ்ந்தார். அவர் மறைந்த அதே 1970ல்தான் சாட்சிகளுக்குப் புதுப் பெயரும் புது ஊரும் தரும் திட்டத்துக்கு வழிவகுத்த சட்டம் வந்தது, தெரியுமா?