படிக்கட்டில் தொடங்கும் படிப்பு

1962இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எட் ராபர்ட்ஸ் சேர்ந்தபோது சிக்கல் மதிப்பெண்ணில் இல்லை, கட்டிலில் இருந்தது. பதினான்கு வயதில் தாக்கிய போலியோவால் கழுத்துக்குக் கீழே அவருக்குப் பெரும்பாலும் அசைவில்லை. இரவில் மூச்சுவிட, 'இரும்பு நுரையீரல்' என்ற பெரிய உருளைக்குள் படுத்தாக வேண்டும். அதன் எடையைத் தாங்கும் விடுதி அறை கிடைக்காமல், வளாக மருத்துவமனையில் தங்கிப் படித்தார். இவர் வேலைக்கு லாயக்கில்லை என்று சொல்லி உதவித்தொகை தர முதலில் மறுத்தது மாநில மறுவாழ்வுத் துறை. 1975இல் அதே துறைக்கு அவரே இயக்குநர் ஆனார்.

இந்தக் கதையை எந்தத் துறையில் பாடமாக வைப்பது? மருத்துவமா, சட்டமா, கட்டடக்கலையா? எந்த ஒரு துறையிலும் அடங்காததால்தான் 'மாற்றுத்திறன் ஆய்வியல்' இன்று பெர்க்லியில் ஒரு மைனர். நம்மூர் சினிமாவின் ஜிப்பா மைனர் இல்லை. முதன்மைப் பாடத்தோடு பல துறைகளிலிருந்து சில வகுப்புகளைச் சேர்த்துப் படிக்கும் துணைப் பாடம்.

உடலில் என்ன கோளாறு என்று கேட்பது மருத்துவம். வாசலில் ஏன் படிக்கட்டு மட்டும் இருக்கிறது என்று கேட்பது இந்தப் படிப்பு. கை கால் இழந்தவர்கள் பொது இடத்தில் தென்படுவதே குற்றம் என்று 1867இல் சான்பிரான்சிஸ்கோ ஓர் ஆணை போட்டது. அதைத் துருவுவது வரலாற்று மாணவர் வேலை. நடைபாதை விளிம்பைச் சரிவாக்கினால் சக்கர நாற்காலியோடு தள்ளுவண்டியும் ஏறுகிறதே, அது நகரமைப்பு மாணவருக்கு.

அரசியல் மாணவருக்கு 1977ஆம் ஆண்டுப் போராட்டம். மத்திய அரசின் பணம் பெறும் எந்த அமைப்பும் ஊனத்தைக் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்ற 1973ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவு, விதிமுறைகள் கையெழுத்தாகாமல் ஏட்டிலேயே கிடந்தது. மாற்றுத்திறனாளி உரிமைப் போராளி ஜூடி ஹியூமன் உள்ளிட்ட நூற்றுக்கு மேற்பட்டோர் சான்பிரான்சிஸ்கோவில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றுக்குள் போய் உட்கார்ந்தவர்கள், மூன்று வாரங்களுக்கு மேல் எழவில்லை. அதிகாரிகள் தொலைபேசியைத் துண்டித்தார்கள், போராடியவர்களில் காது கேளாதோர் ஜன்னல் வழியே சைகை மொழியில் செய்தி அனுப்பினார்கள். கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் கட்சியினர் சுடச்சுடச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். ஏப்ரல் 28 அன்று துறை அமைச்சர் விதிமுறைகளில் கையெழுத்திட்டார்.

தடை உடலில் இல்லை, சமூகத்தில் இருக்கிறது என்ற பார்வையைச் 'சமூக மாதிரி' என்று பெயரிட்டுப் பரப்பியவர் பிரிட்டன் அறிஞர் மைக் ஆலிவர். அது எல்லாவற்றுக்கும் விடையல்ல. சாய்தளம் கட்டினால் முதுகுவலி போய்விடாது. ஆய்வாளர் டாம் ஷேக்ஸ்பியர் போன்றவர்கள் மாற்றுத்திறனாளி இயக்கத்துக்கு உள்ளேயிருந்தே இதைச் சொன்னார்கள். இந்தச் சண்டையையும் சேர்த்துக் கற்பிப்பதுதான் படிப்பின் தெம்பு என்பேன்.

ராபர்ட்ஸ் 1995இல் காலமானார். பெர்க்லியில் ஆஷ்பி ரயில் நிலையத்தை ஒட்டி, அவர் பெயரிலான வளாகம் 2010இல் திறக்கப்பட்டது. உள்ளே நுழைந்ததும் மாடிக்கு வளைந்து வளைந்து ஏறுகிறது ஒரு சிவப்புச் சாய்தளம். நடப்பவர்களும் அதில் ஏறிப் போகிறார்கள்.