வறட்சியும் ஆட்டுக்கிடையும்

தமிழில் ‘மாடு’ என்னும் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் உண்டு. கால்நடையே செல்வமாக இருந்த காலத்தின் நினைவு அச்சொல்லில் தங்கியிருக்கிறது. அச்செல்வத்தை ஓட்டிக்கொண்டு இன்றும் ஊர் ஊராகச் செல்லும் மக்கள் நம்மிடையே வாழ்கின்றனர். இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களின் கிடையாட்டுக்காரர்கள் அவர்களுள் ஒரு சாரார். என் ஊர் அவர்களுடைய ஊர்களுக்கு நடுவே இருக்கிறது. அதனால் பொருளியல் வகுப்பில் வறட்சியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நண்பர்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். “மழை பொய்த்துவிட்டது என்று தெரிந்தவுடனே ஆடுகளை விற்றுவிட வேண்டியதுதானே? சாகும்வரை ஏன் வைத்திருக்கிறார்கள்?” என்பதே அது. நியாயமான கேள்விதான். அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிடை என்பது யாது?

பகலெல்லாம் மேய்ந்த செம்மறியாடுகளை இரவில் ஓர் உழவருடைய வயலில் அடைத்துவைப்பதே கிடை போடுதல். ஆட்டுப் புழுக்கையும் சிறுநீரும் அந்த வயலுக்கு நல்லுரமாகும். ஓர் இரவுக்கு இத்தனை ஆட்டுக்கு இவ்வளவு என்று நெல்லாகவோ பணமாகவோ உழவர் கூலி கொடுப்பார். பல குடும்பங்களின் ஆடுகள் ஒன்றுசேர்ந்து ஒரு மந்தையாகும். அதனை வழிநடத்தும் மூத்தவருக்குக் கீதாரி என்று பெயர்.

வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய்க் கரைகளிலும் தரிசுகளிலும் புல் முளைக்கும் காலத்தில் மந்தை சொந்தச் சீமையில் மேயும். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் தஞ்சை, திருவாரூர், நாகைப் பகுதிகளை நோக்கி நடக்கும். அங்கே அறுத்த வயலில் நிற்கும் அரிதாளும் வரப்புப் புல்லும் ஆட்டுக்குத் தீனி. கிடைக் கூலி மனிதருக்குச் சோறு. காவிரித் தண்ணீர் வந்து மறுபடியும் உழவு தொடங்கும்போது மந்தை வயல்களைவிட்டு வெளியேறும். ஆக, கிடைக்காரருக்கென்று ஒரு காணி நிலமும் வேண்டியதில்லை. மற்றவர்களின் ஒரு விளைச்சலுக்கும் அடுத்த விளைச்சலுக்கும் இடைப்பட்ட காலமே அவருடைய நிலம் எனலாம்.

இருபுறமும் விழும் அடி

இத்தகைய வாழ்க்கையில் வறட்சி எப்படிப் புகுகிறது என்பதற்கு 2016 நல்ல சான்று. அவ்வாண்டு வடகிழக்குப் பருவத்தில் தமிழகத்திற்கு இயல்பாகக் கிடைக்கவேண்டிய மழை சுமார் 440 மில்லிமீட்டர். கிடைத்ததோ சுமார் 168 மில்லிமீட்டர். அதாவது 62 விழுக்காடு குறைவு. 2017 ஜனவரி 10ஆம் நாள், அப்போதிருந்த 32 மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என அரசு அறிவித்தது. காவிரியும் கைகொடுக்கவில்லை. வழக்கமாக ஜூன் 12இல் திறக்கவேண்டிய மேட்டூர் அணை, 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்நாளில் திறக்கப்படவே இல்லை.

சொந்தச் சீமையில் புல் இல்லை. புறப்பட்டுப் போனாலோ, தண்ணீர் இல்லாத வயலில் நெல் இல்லை. நெல் இல்லாத வயலில் அரிதாள் இல்லை. விளையாத வயலுக்கு உரம் போட உழவரிடம் பணமும் இல்லை. உழவருக்கு வறட்சி விளைச்சலைப் பறிக்கிறது. கிடைக்காரருக்கோ ஆட்டின் தீனி, மனிதரின் கூலி இரண்டையும் ஒரே நாளில் பறிக்கிறது.

ஆட்டின் உடலில் நடப்பது

வறட்சி என்றால் ஆடுகள் தாகத்தால் சாகின்றன என்றே பலரும் எண்ணுகிறோம். பெரும்பாலும் பசியே முந்திக்கொள்கிறது. தீனி குறைந்த தாயாட்டுக்கு முதலில் பால் வற்றும். மடி வற்றினால் குட்டி நிற்காது. அடுத்து, சினையாடுகள் குட்டியை வீசிவிடும். அதற்கடுத்து, எஞ்சிய ஆடுகள் பருவத்திற்கு வராமலே காலம் கழிக்கும். செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ ஐந்து மாதம். ஆதலால் இன்று பட்ட பட்டினி அடுத்த ஆண்டின் குட்டிக் கணக்கில்தான் முழுமையாகத் தெரியும்.

கருவேல நெற்றுகளை உலுக்கிப்போட்டுச் சில வாரங்களை ஓட்டலாம். பசித்த ஆடு அகப்பட்டதையெல்லாம் கடிக்கும். மழையின்றிக் குன்றிப்போன இளஞ்சோளப் பயிரில் நஞ்சு மிகுந்திருக்கும். அதைத் தின்ற ஆடு சிறிது நேரத்தில் விழுந்துவிடும். இவை போதாவென்று, மழை வந்த பின்னும் துன்பம் வருகிறது. காய்ந்த வயிறு புதுப்புல்லை அளவின்றி மேயும்போது துள்ளுமாரி நோய் தாக்குகிறது. ஈரக்காலத்தில் பெருகும் ஒருவகைச் சிறு பூச்சியின் கடியால் நீலநாக்கு நோய் பரவுகிறது. முதல் மழையைக் கண்டு நாமெல்லாம் மகிழும் வேளையில் கீதாரி தன் மந்தையை அச்சத்தோடு எண்ணிக்கொண்டிருப்பார்.

விற்பதும் விற்காமையும்

இனி நண்பர்களின் கேள்விக்கு வருவோம். கிடைக்காரர்கள் ஆடுகளை விற்காமல் இல்லை. அவர்கள் விற்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் கிடாய்க் குட்டிகள், அடுத்துக் கிழ ஆடுகள், பிறகு மலடுகள், கடைசியாக, வேறு வழியே இல்லாதபோது, ஈனும் தாயாடுகள். ஆனால் அந்த நேரத்தில் எல்லாரும் விற்க வருகிறார்கள். சந்தையில் ஆடு மலிகிறது, எடையும் குறைந்திருக்கிறது, விலை வீழ்கிறது. அரிசி விலையோ இறங்குவதில்லை. முன்பு ஓர் ஆட்டை விற்று ஒரு மாதம் உண்ட குடும்பம், அதே அரிசிக்கு இப்போது இரண்டு மூன்று ஆடுகளைக் கொடுக்கவேண்டியிருக்கிறது.

இந்த உண்மையை உலகறியச் செய்தவர் பொருளியலறிஞர் அமர்த்தியா சென். வறுமையும் பஞ்சமும் பற்றி 1981இல் வெளியான தம் நூலில் அவர் எத்தியோப்பியாவின் 1972–74 பஞ்சத்தை ஆராய்ந்தார். நாட்டின் மொத்த உணவு விளைச்சல் பெரிதும் குறையாதபோதே மக்கள் மடிந்ததைச் சுட்டிக்காட்டினார். அங்குள்ள மேய்ப்பர்கள் கால்நடைகளை இழந்ததோடு, எஞ்சிய கால்நடைக்கு ஈடாகக் கிடைக்கும் தானியத்தையும் இழந்தார்கள் என்று விளக்கினார். நாடும் இனமும் வேறானாலும் கணக்கு ஒன்றே.

அப்படியானால் தாயாட்டையும் தொடக்கத்திலேயே நல்ல விலைக்கு விற்றால் என்ன? ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நூறு தாயாடு இருந்த மந்தையில் நாற்பது மிஞ்சியதாக வைத்துக்கொள்வோம். அவை ஓராண்டில் ஈன்று முப்பது குட்டிகள் பிழைத்தால் அவற்றுள் பெட்டை பதினைந்து. கிழடாகிக் கழியும் ஐந்து போக, கூடுவது பத்து. இந்த வேகத்தில் போனால் மந்தை மீண்டும் நூறை எட்ட நான்கு ஆண்டுகளுக்கு மேலாகும். அதற்குள் இன்னொரு வறட்சி வராதிருக்க வேண்டும். தாயாடு என்பது உழவருக்கு விதைநெல் போன்றது. விதைநெல்லை ஏன் வைத்திருக்கிறாய் என்று உழவரை நாம் கேட்பதில்லை.

இக்கணக்கு எனக்கு வெறும் ஏட்டுக்கணக்கு அன்று. 2017இல் என்னோடு ஏழாம் வகுப்பில் ஒரே பலகையில் அமர்ந்திருந்த ஒருவன் பள்ளியை விட்டுவிட்டுத் தந்தையோடு கிடைக்குப் போனான். ஆள் வைத்துக் கூலி கொடுக்க வீட்டில் வழியில்லை. சில ஆண்டுகளில் அவர்களுடைய மந்தை ஒருவாறு தேறியது. அவன் பள்ளிக்குத் திரும்பவில்லை. என்னைவிட அவனுக்குக் கணக்கு நன்றாக வரும்.

செய்யத்தக்கவை

வறட்சியைத் தடுக்க நம்மால் இயலாது. ஆனால் உதவி எப்போது, எங்கே வருகிறது என்பது நம் கையில் உள்ளது. செத்த ஆட்டுக்கு இழப்பீடு கொடுப்பதைக் காட்டிலும் உயிரோடிருக்கும் தாயாட்டுக்குத் தீவனம் கொடுப்பதே மேல். தீவனக் கிடங்கைச் சொந்த ஊரில் திறந்தால் ஊரைவிட்டுப் போனவருக்கு அது எட்டாது. மந்தை நடக்கும் வழியில் திறக்கவேண்டும். துள்ளுமாரிக்கும் நீலநாக்குக்கும் தடுப்பூசி உண்டு. அதனை மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும். மேய்ச்சல் புறம்போக்குகளும் கண்மாய்க் கரைகளும் ஆக்கிரமிப்பின்றி இருக்கவேண்டும்.

காப்பீட்டிலும் புதுவழி உண்டு. வட கென்யாவின் மர்சாபிட் பகுதியில் 2010இல் மேய்ப்பர்களுக்கென ஒரு காப்பீடு தொடங்கப்பட்டது. செத்த கால்நடைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்காமல், செயற்கைக்கோள் வழியே நிலத்தின் பசுமையை அளந்து, அது குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் பணம் கொடுப்பது அதன் முறை. நடமாடும் மந்தைகளுக்கு ஏற்ற முறை இது. நம் நாட்டிலும் ஆராயத்தக்கது.

2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய பன்னாட்டு ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்துள்ளது. உலகம் அவர்களை நினைக்கும்போது, நம் பக்கத்து வயலில் கிடை போட்டிருப்பவரை நாமும் நினைப்போமாக. “ஏன் விற்கவில்லை?” என்று அவரைக் கேட்பதற்கு முன், “தாயாடுகள் எத்தனை மிஞ்சின?” என்று கேட்கக் கற்றுக்கொள்வோம். அவருடைய வரும் நான்கு ஆண்டுகளின் வாழ்வு அந்த எண்ணிக்கையில்தான் அடங்கியிருக்கிறது.