கயற்கண்ணி என்கிற மீனாட்சி

மதுரை அம்மனுக்கு ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய பெயர் அங்கயற்கண்ணி. அழகிய கயல்மீன் போன்ற கண்ணை உடையவள். அதையே வடமொழியில் சொன்னால் மீனாக்ஷி. அக்ஷி என்றால் கண்.

இவற்றில் எது முந்தியது என்று மேடைகளில் வழக்காடுவதுண்டு. அந்த வழக்கில் ஒரு செய்தி மறந்துபோகிறது. வடமொழியின் ‘மீன’ என்ற சொல்லே திராவிட மொழிகளிலிருந்து போனது என்பது டி. பர்ரோ போன்ற மொழியியலாளர்களின் முடிவு. நம் வீட்டுச் சொல்தான் அக்ஷியோடு சேர்ந்து ஊர் திரும்பியிருக்கிறது.

திரும்பியதை மதுரை தன் வாய்க்கு ஏற்ப மாற்றிக்கொண்டது. ‘க்ஷி’ தமிழில் ‘ட்சி’ ஆனது. காதில் ‘ஆட்சி’ என்று விழுந்தது. இலக்கணப்படி ‘மீன் + ஆட்சி’ என்ற அந்தப் பிரிப்பு சரியில்லை. ஆனால் பாண்டியர் கொடியில் மீன். சித்திரைத் திருவிழாவில் அம்மனுக்குப் பட்டாபிஷேகம், கையில் செங்கோல். அன்று முதல் நான்கு மாதம் ஊர் அவள் பொறுப்பு. ஆவணியில்தான் அவள் கணவர் சொக்கர் முடிசூடுகிறார். இதை ஆண்டுதோறும் நேரில் பார்க்கிறவர்கள் அந்தப் பெயரில் ஆட்சியைக் கேட்பது இயல்புதான். மனைவி சொல் நடக்கும் வீட்டை ‘மதுரை’ என்றும், கணவன் சொல் நடக்கும் வீட்டைச் ‘சிதம்பரம்’ என்றும் தமிழ்நாடு சொல்வதும் இந்தச் செங்கோலை வைத்துத்தான்.

இசையில் பெயர் இன்னும் பெருகியது. சியாமா சாஸ்திரி (1762–1827) இந்த அம்மன்மீது இயற்றிய நவரத்தினமாலிகையில் மீனலோசனா, மீனநேத்ரி என்று தெலுங்குக் கீர்த்தனைகளில் அழைக்கிறார். முத்துசுவாமி தீட்சிதர் 1835 தீபாவளியன்று எட்டயபுரத்தில் உயிர்விட்டபோது சீடர்கள் பாடிக்கொண்டிருந்தது, மீனாட்சிமீது அவர் வடமொழியில் செய்த கீர்த்தனை என்பது வழிவழியாக வரும் செய்தி. அக்ஷி, லோசனம், நேத்திரம் என்று கண்ணுக்குச் சொல் மாறிக்கொண்டே போக, மீன் மட்டும் மாறவில்லை.

மலையாளத்தில் ஓர் ஆறே இந்தப் பெயரைச் சுமக்கிறது. கோட்டயம் மாவட்டத்தில் 78 கிலோமீட்டர் ஓடி வேம்பநாட்டுக் காயலில் சேரும் மீனச்சில் ஆற்றின் பெயர் மீனாட்சியிலிருந்து வந்தது என்கிறார்கள். அந்தப் பக்கத்துப் பூஞ்ஞாறு அரச குடும்பத்தார் தங்களை மதுரைப் பாண்டியர் வழியினர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அங்கே மீனாட்சிக்குக் கோயிலும் உண்டு.

மனிதப் பெயர்களில் மீனா, மீனாள், கயல்விழி எல்லாம் பெண்களுக்கு, ஆண்களுக்கு மீனாட்சிசுந்தரம். உ.வே.சாமிநாதையரின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் (1815–1876) தந்தை மதுரையிலிருந்து திருச்சிப் பக்கம் குடிபெயர்ந்தவர். மகன் பெயரில் ஊரின் வழக்கமும் கூடவே போயிருக்கிறது: சொக்கரின் பெயரான சுந்தரத்துக்கு முன்னால் மீனாட்சி. கோயிலுக்கு வருகிறவர்கள் இன்றும் அம்மனைக் கும்பிட்ட பிறகே சொக்கர் சன்னதிக்குப் போகிறார்கள்.