ஒரு கைத்துப்பாக்கியா, இரண்டா?

துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் சுடத் தெரிந்தவர்கள் என்று பொதுவாக எண்ணப்படுகிறது. உண்மை அப்படியில்லை. பயன்படுத்தாத நீச்சல் கூடச் சற்றேனும் உடலில் தங்கியிருக்கும்; பயிற்சி நின்றுபோன கைத்துப்பாக்கித் திறன் சில மாதங்களிலேயே மங்கிவிடுகிறது. அதற்கு நானே சான்று.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், பெட்ரோல் நிலையத்தோடு சேர்ந்த சிறு கடை ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும் கடை. நானும் மனைவியும் மாறி மாறிக் கல்லாவில் அமர்வோம். பக்கத்து ஊரில் இதேபோன்ற கடையொன்றில் கொள்ளை நடந்த பிறகு, நெடுநாள் தயக்கத்தை விட்டு 2018-இல் 9 எம்.எம். கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கினேன். துப்பாக்கி அருகில் இருப்பதே ஓர் ஆபத்து என்ற வாதத்தை அறிவேன். அதை எளிதில் தள்ளிவிடவும் முடியாது. வாங்குவதென்று முடிவெடுத்தவன் மீது அந்த வாதம் ஒரு கடமையைச் சுமத்துகிறது. அக்கருவியைத் தவறின்றிக் கையாளும் பழக்கத்தை அவன் விடாமல் காத்துக்கொள்ள வேண்டும்.

அதற்குத் தோட்டா வேண்டும். தோட்டாவுக்குப் பணம் வேண்டும். 2020-இல் பெருந்தொற்று பரவியபோது அமெரிக்கா முழுவதும் தோட்டாக்களுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. 9 எம்.எம். தோட்டாவின் விலை மூன்று மடங்குக்கும் மேல் உயர்ந்தது. பல கடைகளில் அலமாரிகளே காலியாக இருந்தன. நான் பயிற்சியை நிறுத்தினேன். ஓராண்டுக்குப் பின் சுடுதளத்துக்குத் திரும்பியபோது, ஏழு கஜத் தொலைவில் இருந்த காகித இலக்கில் என் குண்டுகள் எல்லாம் இடப்புறம் கீழே போய் விழுந்தன. அங்கிருந்த பயிற்றுநர் எனக்குத் தெரியாமல் மேகசினில் சில போலித் தோட்டாக்களைக் கலந்து வைத்தார். வெடிக்காத தோட்டா வந்த ஒவ்வொரு முறையும் துப்பாக்கியின் முனை தானாகவே கீழே குனிந்தது. வெடிச்சத்தத்தையும் பின்னுதைப்பையும் எதிர்பார்த்து, விசையை இழுக்கும் முன்பே என் கை பதறிக்கொண்டிருந்தது. ‘பாயிண்ட் 22-க்குத் திரும்புங்கள்’ என்றார் அவர்.

பாயிண்ட் 22 என்பது 1887-இல் அமெரிக்காவில் அறிமுகமான சிறு தோட்டா. 9 எம்.எம். தோட்டாவின் அடிப்பாகத்தில், நடுவில் பொருத்திய சிறு கிண்ணத்தில் தீமூட்டும் மருந்து இருக்கும். பாயிண்ட் 22-இலோ அந்த மருந்து அடிவிளிம்பின் உட்புறத்தில் பரவியிருக்கும். ஊசி விளிம்பை அடித்தாலே பற்றிக்கொள்ளும். ‘ரிம்ஃபயர்’ என்ற பெயர் அதனால்தான். இதன் குண்டு ஏறத்தாழ இரண்டரை கிராம், 9 எம்.எம். குண்டோ ஏழரை கிராம். பின்னுதைப்பு மிகக் குறைவு, சத்தமும் குறைவு, விலையும் குறைவு. பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் நான்காம் இடம் பெற்ற 25 மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டி இந்தத் தோட்டாவில்தான் நடைபெறுகிறது. ஆனால் இது விளையாட்டுப் பொருளன்று. ஒரு மைல் தாண்டியும் பாயக்கூடியது, உயிரைக் குடிக்கக்கூடியது.

பாயிண்ட் 22-இல் பயிற்சி பெற இரண்டு வழிகள் உண்டு. கையிலிருக்கும் துப்பாக்கியின் மேற்பகுதியை மட்டும் மாற்றும் உபகரணத் தொகுப்பை வாங்கலாம். அல்லது தனியே ஒரு பயிற்சித் துப்பாக்கியை வாங்கலாம். இது புதிய கேள்வியன்று. அமெரிக்கப் படையினரின் பாயிண்ட் 45 கைத்துப்பாக்கிக்கு இணையாக, 1931-இல் கோல்ட் நிறுவனம் ‘ஏஸ்’ என்ற தனிப் பயிற்சித் துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1930-கள் முடிவதற்குள் அதே நிறுவனம், பாயிண்ட் 45 துப்பாக்கியையே பாயிண்ட் 22 ஆக மாற்றும் தொகுப்பையும் விற்றது. ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளாக இரண்டும் விற்றுக்கொண்டிருக்கின்றன என்றால், இரண்டுக்கும் தேவை இருக்கிறது என்றுதானே பொருள்!

மாற்றுத் தொகுப்பு எப்படி வேலை செய்கிறது? கைத்துப்பாக்கியின் மேலே முன்பின் ஓடும் கனத்த எஃகுப் பகுதியை ‘ஸ்லைடு’ என்பார்கள். 9 எம்.எம். தோட்டாவின் விசை அதைப் பின்னால் தள்ளி, வெற்றுக் கூட்டை வெளியேற்றி, அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. பாயிண்ட் 22 தோட்டாவுக்கு அந்தக் கனத்தைத் தள்ளும் வலு இல்லை. ஆகவே பெரும்பாலான தொகுப்புகளில் இலேசான அலுமினிய ஸ்லைடு, சிறிய குழல், மெல்லிய சுருள்வில், தனி மேகசின் ஆகியவை இருக்கும். கைப்பிடியும் விசையும் உங்களுடைய பழைய துப்பாக்கியினுடையவை. ‘அதே கை, அதே விசை, மலிவான தோட்டா’ என்பதுதான் விற்பவர்கள் தரும் வாக்குறுதி.

இந்த வாக்குறுதி எல்லாத் துப்பாக்கிகளுக்கும் ஒரே அளவில் பொருந்தாது. பின்புறம் சுத்தியல் உள்ள பழைய பாணித் துப்பாக்கிகளில், சுத்தியலும் அதைப் பிடித்து விடும் பாகங்களும் கீழ்ச்சட்டகத்திலேயே இருக்கின்றன. ஸ்லைடை மாற்றினாலும் விசையின் இழுவை மாறுவதில்லை. கிளாக் போன்ற நவீன துப்பாக்கிகளில் சுத்தியல் கிடையாது. தோட்டாவை அடிக்கும் ஊசியும் அதன் சுருள்வில்லும் ஸ்லைடுக்குள் இருக்கின்றன. ஸ்லைடை மாற்றினால் இழுவையில் ஒரு பங்கும் மாறிவிடும். நான் வைத்திருப்பது இந்த இரண்டாம் வகை. ‘அதே விசை’ என்பது எனக்கு முக்கால் உண்மையாகத்தான் இருந்தது.

கணக்கையும் பார்த்துவிடலாம். விலை ஓரளவு சீரான பிறகு நான் வாங்கிய 9 எம்.எம். தோட்டா ஒன்று 25 சென்ட். பாயிண்ட் 22 தோட்டா 8 சென்ட். வாரம் நூறு தோட்டா சுட்டால் 17 டாலர் மிச்சம். மாற்றுத் தொகுப்பு 300 டாலர். பதினெட்டு வாரங்களில் அந்தப் பணம் திரும்பிவிடும். தனித் துப்பாக்கி 400 டாலர். அதற்கு இருபத்துநான்கு வாரங்கள். இடைவெளி ஒன்றரை மாதம்தான். இந்த முடிவைப் பணத்தை மட்டும் வைத்து எடுப்பது சரியன்று என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

சட்டம் இரண்டையும் வேறுவிதமாகப் பார்க்கிறது. 1968-இன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, வரிசை எண் பொறித்த கீழ்ச்சட்டகம்தான் துப்பாக்கி. எனவே கூட்டாட்சிச் சட்டத்தின் பார்வையில் மாற்றுத் தொகுப்பு வெறும் உதிரிபாகம். அஞ்சலில் வீட்டுக்கே வந்துவிடும். தனித் துப்பாக்கியை வணிகரிடம் வாங்க வேண்டுமென்றால் படிவம் நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனையில் தேற வேண்டும், 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று: தனித் துப்பாக்கி என்றால் பூட்டிக் காக்க வேண்டிய ஆயுதம் ஒன்று கூடுகிறது. பள்ளிக்குச் செல்லும் மகன் உள்ள வீட்டில் அது சிறிய விஷயமன்று.

ஆகவே முதலில் மாற்றுத் தொகுப்பையே வாங்கினேன். ஞாயிறுதோறும் காலையில் ஸ்லைடை மாற்றிப் பொருத்தி நூறு தோட்டாக்கள் சுடுவேன். முதல் மாதம் தொல்லைதான். இலேசான தோட்டாக்களை அந்த ஸ்லைடு ஏற்க மறுத்தது. கூடுகள் வழியில் சிக்கிக்கொண்டன. வேகம் கூடிய தோட்டாக்களுக்கு மாறி, ஒவ்வொரு முறையும் ஈயப் பிசுக்கைத் துடைத்த பிறகே அது ஒழுங்காக இயங்கியது. சில தோட்டாக்கள் அடித்தும் வெடிக்காமல் போயின. விளிம்பில் மருந்து சீராகப் பரவாதபோது அப்படி நேர்வதுண்டு. அப்போது முனையை இலக்கின் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருக்க வேண்டும், தாமதித்தும் வெடிக்கலாம். ஆனால் கை தேறியது. மூன்றாம் மாதத்தில் முனை குனிவது நின்றது.

பிறகு நான் செய்த தவறு. ஒரு ஞாயிறு, விருந்தினர் வருகிறார்கள் என்ற அவசரத்தில், 9 எம்.எம். ஸ்லைடை மீண்டும் பொருத்தாமலே துப்பாக்கியைக் கடையின் பூட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். இரண்டு ஸ்லைடுகளும் ஒரே கறுப்பு நிறம். வெளியூர்ப் பயணம், கணக்கு முடிக்கும் வேலை என்று பயிற்சிக்கும் போகவில்லை. மூன்று வாரங்கள் கழித்து, கடையடைக்கும் நேரத்தில் பின்கதவைப் பலமாக யாரோ தட்டினார்கள். பெட்டியைத் திறந்து, 9 எம்.எம். மேகசினைச் செருகி ஸ்லைடை இழுத்தேன். தோட்டா ஏறவில்லை. அந்தக் குழலுக்குள் அது நுழையவே நுழையாது. கதவுக்கு வெளியே நின்றவர் பால் கொண்டுவரும் லாரி ஓட்டுநர். மறுநாள் வர வேண்டியவர், வழியில் இருக்கிறதே என்று முன்னதாக வந்திருக்கிறார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. தேவைப்பட்டிருந்தால் துப்பாக்கி இயங்கியிருக்காது என்பது ஒரு கவலை. அது இயங்கும் என்று நம்பி, யார் என்று குரல் கொடுக்கக்கூட இல்லாமல் தோட்டாவை ஏற்ற முயன்றேனே என்பது அதைவிடப் பெரிய கவலை. இரண்டு கவலைகளுக்கும் வேர் ஒன்று. கையில் இருப்பது எது, எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துச் சோதிப்பதுதான் பயிற்சியின் முதல் பாடம். இலக்கில் துளை போடுவதில் மூழ்கி, அந்தப் பாடத்தை விட்டிருந்தேன்.

அடுத்த மாதம் என் துப்பாக்கியின் அளவிலும் வடிவத்திலும் அமைந்த பாயிண்ட் 22 துப்பாக்கி ஒன்றை வாங்கினேன். இப்போது பல நிறுவனங்கள் இப்படித் தயாரிக்கின்றன. கிளாக் நிறுவனமே தன் பிரபலமான 19-ஆம் மாதிரியின் அளவில் 44-ஆம் மாதிரியை 2019 டிசம்பரில் அறிவித்தது. காவலுக்கு உள்ள துப்பாக்கியைப் பயிற்சிக்காகப் பிரித்து மாட்டும் வேலை எனக்கு இனி இல்லை. பயிற்சித் துப்பாக்கியின் பிடியில் மஞ்சள் நாடா சுற்றி, வேறொரு பூட்டில் வைத்திருக்கிறேன். பெரிய சத்தத்துக்கு அஞ்சிச் சுடுதளத்துக்கே வராத மனைவி, இந்தச் சிறு துப்பாக்கியில் தொடங்கி என்னைவிடச் சீராகச் சுடுகிறார். ஒரே துப்பாக்கியை இருவர் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தால் இது நடந்திருக்காது.

அதனால் எல்லோரும் தனித் துப்பாக்கியே வாங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். துப்பாக்கி போட்டிக்கோ பொழுதுபோக்குக்கோ மட்டும் என்றால், அது சுத்தியல் வகையாகவும் இருந்தால், மாற்றுத் தொகுப்பு சிறந்த தேர்வு. வீட்டில் ஆயுதங்களின் எண்ணிக்கையும் கூடாது. அதே துப்பாக்கி காவலுக்கும் இருக்கிறது என்றால், வீட்டில் கற்றுக்கொள்ள இன்னொருவரும் இருக்கிறார் என்றால், தனித் துப்பாக்கிக்கே என் வாக்கு. அதையும் பத்திரமாகப் பூட்டி வைக்க இடமும் மனமும் இல்லாதவர் அதை வாங்காமலிருப்பதே நல்லது.

எதை வாங்கினாலும் இரண்டைச் செய்ய வேண்டும். பாயிண்ட் 22 கையின் பதற்றத்தைப் போக்கும். பெரிய தோட்டாவின் உதைப்பைத் தாங்கக் கற்றுத்தராது. ஆகவே ஒவ்வொரு பயிற்சியையும் 9 எம்.எம்.-இல் இருபது தோட்டாக்களோடு முடிக்கிறேன். வீடு திரும்பியதும், ஈயம் படிந்த கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, எந்தத் துப்பாக்கி எந்த நிலையில் எந்தப் பெட்டிக்குள் போனது என்று பெட்டியின் மூடியில் ஒட்டிய தாளில் எழுதுகிறேன். நான் எழுதியதை மனைவி சரிபார்த்துக் கையொப்பமிடுகிறார். பால் லாரி ஓட்டுநர் இப்போதும் சில வாரங்களில் முன்னதாகவே வந்து கதவைத் தட்டுகிறார். ‘யார்?’ என்று கேட்கிறேன், அவர் தன் பெயரைச் சொல்கிறார், கதவைத் திறக்கிறேன்.