வைரியும் கருடனும் மடக்கிய இறக்கை

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பல்லடத்திலிருந்து எழுதியிருக்கிறார். "ஏனுங்க, சூலூர்ல ஒரு காலத்துல கப்பற்படை இருந்துச்சுன்னு எங்கய்யன் சொல்லுவாருங்க. நொய்யல்ல தண்ணி வந்தாலே நமக்கு அதிசயம். இங்க கப்பற்படைக்கு என்னங்க வேலை?"

இந்தக் கேள்விக்காக நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது.

இருந்தது. சூலூரில் மட்டுமல்ல, பீளமேட்டிலும் இருந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டன. அதே ஆண்டில் பிரிட்டிஷ் கடற்படை, தன் விமானங்களைப் பழுது பார்க்கும் பெரிய பட்டறை ஒன்றைக் கோவைப் பீளமேட்டில் திறந்தது. கரையோரத்தில் பட்டறை போடப் பயம் இருந்திருக்கும். லேத்தும் ஃபவுண்டரியும் தெரிந்த கைகள் இந்த ஊரில் கிடைக்கும் என்பதும் காரணமாக இருக்கலாம். இரண்டாவது என் ஊகம்தான், ஊர்ப் பற்று என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டிஷ் கடற்படையில் ஒரு வேடிக்கையான வழக்கம். தரையில் இருக்கிற முகாமும் அவர்கள் கணக்கில் கப்பல்தான். அதற்குக் கப்பலைப் போலவே பெயர் வைப்பார்கள். கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தால் 'கரைக்குப் போகிறேன்' என்பார்கள். விமான முகாம் என்றால் பெரும்பாலும் பறவைப் பெயர். கோவைப் பட்டறையின் பெயர் எச்.எம்.எஸ். கருடா. 1945-ல் வந்த சூலூர் முகாம் எச்.எம்.எஸ். வைரி. கொச்சியில் கழுகு, தாம்பரத்தில் வல்லூறு. இங்கிலாந்து அரசரின் கப்பல்கள், பெயர்கள் மட்டும் நம் வானத்துப் பறவைகள். கோழிக்குஞ்சைத் தூக்கிப் போகும் வைரியைத் தெரியாத பாட்டி நம் பக்கத்தில் உண்டா? அந்தப் பெயரை வெள்ளைக்காரருக்கு எடுத்துக்கொடுத்தது யாராக இருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். 1946-ல் இரண்டு 'கப்பல்'களும் மூடப்பட்டன.

விமானம் எப்படிப் பறக்கிறது என்பது பள்ளிப் பாடம், அதை விட்டுவிடுவோம். எனக்குப் பிடித்தது கடற்படை விமானம் பறக்காமல் நிற்கும் நேரம். விமானந்தாங்கிக் கப்பலில் இடம் கிடையாது. சந்தையில் கடை விரித்த மாதிரி இறக்கையை விரித்து வைத்தால் கொஞ்ச விமானம்தான் அடங்கும். ஆகவே இறக்கையை மடக்க வேண்டும். ஐந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் வளைந்து திரும்பும்போது பல டன் பாரத்தைத் தாங்குகிற இறக்கையை நடுவில் வெட்டி, கீல் வைத்து, மறுபடி பூட்டி, 'பயப்படாமல் போய்ப் பற' என்று அனுப்ப வேண்டும். யோசித்தால் நெஞ்சு பதறுகிறது.

பலர் பல விதமாக மடக்கினார்கள். அமெரிக்கர்கள் செய்து பிரிட்டிஷ்காரர்கள் ஓட்டிய கோர்சேரின் இறக்கை மேல்நோக்கி மடங்கும். மடக்கியபின் உயரம் கூடிவிட்டது, பிரிட்டிஷ் கப்பலின் கீழ்த்தளக் கூரை இடித்தது. என்ன செய்தார்கள் தெரியுமா? இறக்கை நுனியில் பக்கத்துக்கு 8 அங்குலம் வெட்டி எறிந்துவிட்டார்கள். கட்டில் அறைக்குள் நுழையாவிட்டால் காலை அறுக்கிற நம்மூர் ஆசாரி புத்திதான்.

ஆனால் என் மனத்தைக் கொள்ளை கொண்டது க்ரம்மன் கம்பெனியின் வைல்ட்கேட். அதன் இறக்கை மேலே போகாது. சேவல் மடக்குகிற மாதிரி உடம்போடு ஒட்டிப் பின்னால் படுத்துக்கொள்ளும். உங்கள் கையிலேயே பார்க்கலாம். வலது கையைப் பக்கவாட்டில் நீட்டுங்கள், உள்ளங்கை தரையைப் பார்க்கட்டும். இப்போது கட்டைவிரல் கீழே வரும்படி கையை முறுக்கி, அப்படியே பின்னால் கொண்டுபோய் விலாவோடு ஒட்டுங்கள். கட்டைவிரல் இருந்த பக்கம்தான் இறக்கையின் முன் விளிம்பு. அது இப்போது தரையைப் பார்க்கிறது. 38 அடி அகல விமானம் 14 அடியாகச் சுருங்கிவிட்டது.

திருப்பு, மடக்கு என்று இரண்டு வேலை. இரண்டுக்கும் ஒரே கீல்! கதவுக்கீல் மாதிரி நேராக நிற்காமல், படுத்தும் படுக்காமலும் சாய்வாக வைத்த ஒரே அச்சு. அது எந்தச் சாய்வு என்று லீராய் க்ரம்மன் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். ஓர் அழிரப்பரை எடுத்தார், அதுதான் விமானத்தின் உடம்பு. இரண்டு பேப்பர் கிளிப்பைப் பாதி பிரித்து இரண்டு பக்கமும் குத்தினார், அவை இறக்கை. கிளிப் ரப்பரின் பக்கவாட்டில் பாந்தமாகப் படுத்துக்கொள்ளும்வரை கோணத்தை மாற்றி மாற்றிக் குத்திப் பார்த்தார். அமெரிக்க இயந்திரவியல் பொறியாளர் சங்கம் பின்னாளில் அந்த இறக்கையை வரலாற்றுச் சின்னமாகவே அறிவித்தது.

இதைப் படித்த வாரம் எனக்குத் தூக்கம் போயிற்று. பரணில் கிடந்த மெக்கானிக்ஸ் செட்டை இறக்கினேன். துளையிட்ட பட்டை, நட்டு, போல்ட்டு, சின்ன ஸ்பானர். அதன் தாத்தா மெக்கானோ. 1901-ல் லிவர்பூல்காரர் ஃப்ராங்க் ஹார்ன்பி காப்புரிமை வாங்கியது. அரை அங்குலத்துக்கு ஒரு துளை என்பதுதான் அதன் முழு இலக்கணம். அந்தத் துளைகளை நம்பி 1934-ல் மான்செஸ்டரில் டக்ளஸ் ஹார்ட்ரீ என்ற பேராசிரியர், மாணவர் ஆர்தர் போர்ட்டரோடு சேர்ந்து, வகைக்கெழுச் சமன்பாடு தீர்க்கும் கணக்கு இயந்திரத்தையே பெரும்பாலும் மெக்கானோ துண்டுகளால் கட்டினார். விளையாட்டுச் சாமான் என்று யாராவது முகம் சுளித்தால் இதைச் சொல்லுங்கள்.

என் கதைக்கு வருகிறேன். மெக்கானிக்ஸ் செட்டில் எல்லாமே செங்கோணம். நேராகவோ குறுக்காகவோ பூட்டலாம், சாய்வாகப் பூட்ட வழியில்லை. முதல் நாள் இரண்டு கீல் போட்டு ஏமாற்றினேன். இறக்கை மடங்கியது, ஆனால் கள்ளாட்டம். இரண்டாம் நாள் மூலைத்தகடு ஒன்றை வைஸில் கடித்துச் சுத்தியலால் தட்டி வளைத்தேன். இறக்கை திரும்பியது, பாதியில் நுனி மேசையில் குத்தி நின்றது. கொஞ்சம் நிமிர்த்தினேன், வாலில் போய் இடித்தது. மயிரிழை கோணம் மாறினால் நுனி அரை ஜாண் தள்ளிப் போகிறது. மூன்றாம் நாள் ராத்திரி பதினொன்றரைக்கு அது சத்தமில்லாமல் போய் விலாவில் ஒட்டியது. வீட்டுக்காரியை எழுப்பிக் காட்டினேன். "நல்லாருக்குங்க, லைட்டை அணைச்சுப் போட்டுப் படுங்க" என்றாள்.

மடக்குவதைவிட விரித்துப் பூட்டுவது முக்கியம். க்ரம்மன் விமானங்களில் பூட்டு முளை சரியாக விழவில்லை என்றால் இறக்கையின் மேல் ஒரு சிவப்புத் துண்டு எட்டிப் பார்க்கும். பார்க்காமல் போனால்? 1960-ல் இத்தாலியின் நேபிள்ஸில் ஒரு க்ரூஸேடர் ஜெட், வெளி இறக்கை இரண்டும் மடங்கியிருக்கவே கிளம்பி, வானத்தில் சுற்றி, பத்திரமாக இறங்கியும் விட்டது. எல்லாருக்கும் அப்படி வாய்க்காது.

சூலூரின் கடற்படைக் கதை 1946-ல் முடியவில்லை. சுதந்திர இந்தியாவின் கடற்படை அங்கேயே ஜெட் ஓட்டப் பழகியது. 1961 செப்டம்பரில் அந்த முகாமுக்கு ஐ.என்.எஸ். ஹன்ஸா என்று பெயர் சூட்டினார்கள், மறுபடி ஒரு பறவை, அன்னம். விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலுக்கான ஸீ ஹாக் ஜெட்டுகள் அந்தக் காலத்தவை. இருக்கிற ஒரே எஞ்சினின் புகையை இரண்டாகப் பிரித்து இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் விடும் அபூர்வப் பிறவி. அதன் இறக்கை மேல்நோக்கி மடங்கும். கோவா நம் கைக்கு வந்தபின், 1964-ல், அன்னம் டபோலிமுக்குப் பறந்துவிட்டது. இன்று சூலூர் விமானப்படையின் தேஜஸ் ஊர், இறக்கை மடங்குவதில்லை.

ஸீ ஹாக்கைப் பார்க்க வேண்டுமானால் கோவாவின் கடற்படை விமான அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். நம் கோவையிலோ அவிநாசி ரோட்டில் பழைய கார்களுக்கு ஜி.டி. அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தப் பெயருக்கு உரியவர் ஜி.டி. நாயுடு, 1893-ல் பிறந்தது சூலூருக்குப் பக்கத்துக் கலங்கலில். மோட்டார் சைக்கிளை வாங்கி அக்கக்காகப் பிரித்து மறுபடி பூட்டிப் பார்த்த மனிதர். அவர் ஊர்ப் பக்கத்தில் கருடாவுக்கும் வைரிக்கும் ஒரு பெயர்ப் பலகை வைக்கக்கூடவா ஆளில்லை? நான் தேடிய மட்டும் கண்ணில் படவில்லை. போர் முடிந்ததும், பிரிட்டிஷ்காரர்களிடம் கடன்-குத்தகையில் வந்த அமெரிக்க விமானங்களில் எத்தனையோ, திருப்பித் தரவும் மனமில்லாமல் காசு கொடுக்கவும் மனமில்லாமல், புத்தம் புதிதாகவே கடலில் தள்ளப்பட்டன. அவர்கள் கடலில் போட்டார்கள், நாம் மறதியில் போட்டோம்.  

சூலூருக்கு வடக்கே எங்கள் அப்புச்சி தோட்டத்தில் ஒரு கோழிக்கூண்டு இருந்தது. அதன் கூரை ஓர் அலுமினியத் தகடு. வரிசை வரிசையாக ரிவெட், ஆனால் விரலால் தடவினால் ஒன்றும் தட்டாது. தலைகள் தகட்டுக்குள் அமிழ்ந்திருந்தன, காற்று வழுக்கிப் போவதற்கு. "தடவிப் பாரு கண்ணு, இது நம்மூரு தகடு இல்லடா" என்பார் அப்புச்சி. ஓரத்தில் எண் ஒன்று குத்தியிருந்தது. அப்போது குறித்துக்கொள்ளத் தோன்றவில்லை. கூண்டு எந்த வருஷம் எடைக்குப் போனது என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

உங்கள் தோட்டத்துச் சாளையிலோ மாட்டுக்கொட்டகையிலோ அந்த மாதிரித் தகடு கிடந்தால், ஓரத்தைத் துடைத்து எண் இருக்கிறதா பாருங்கள். பழைய இரும்புக்கடைக்காரர் தராசைத் தூக்கும் முன் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பிவையுங்கள்.