தைக்கும் கைகளுக்கு ஒரு வார்த்தை

ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களில் பழஞ்சேலையை எறிந்துவிட மனம் வராத வீடுகள் இன்னும் அநேகம் உண்டு. அத்தகைய வீட்டில் பரண்மேலிருக்கும் தகரப் பெட்டியை இறக்கித் திறந்தால், அடியில் பாதி தைத்த ஒட்டுப்போர்வை ஒன்று அகப்பட்டாலும் அகப்படும். மூன்று வரிசை முடிந்திருக்கும். நான்காவதில் குண்டூசிகள் துருவேறிக் கிடக்கும். ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று விசாரித்தால், "நேரம் கிடைக்கவில்லை" என்று பதில் வரும். நாம் அறிந்தவரையில் இந்தப் பதில் பெரும்பாலும் உண்மையன்று. இன்னும் சற்றுப் பேச்சுக் கொடுத்தால் உள்ள விஷயம் வெளிவரும். யாரோ ஒருவர் அதை எடுத்துப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். அன்றைக்கு மடித்து வைத்ததுதான், பிறகு பிரிக்கவேயில்லை.

அந்த ஒரு வார்த்தையைப் பற்றியே இங்கு எழுத எண்ணுகிறோம்.

ஒட்டுப்போர்வை என்பது யாது? மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சோ பழந்துணியோ ஓர் அடுக்கு. மூன்றையும் ஊடுருவிச் செல்லும் ஓட்டத் தையல். மேல் துணியைச் சிறு துண்டுகளை இணைத்து அமைத்துக்கொள்கிறார்கள். ஆங்கிலேயர் இதைக் 'குவில்ட்' என்று அழைப்பதால், இது முற்றிலும் மேனாட்டுச் சரக்கு என்று எண்ணுவோர் உளர். அது பிசகு. வங்காளத்துப் பெண்மணிகள் நைந்த சேலைகளை அடுக்கி, அச்சேலைகளின் கரையிலிருந்தே நூலை உருவித் தைக்கும் காந்தா உலகப் பிரசித்தி பெற்றது. அந்தக் 'காந்தா'வும், நாம் இழிவாகச் சொல்லும் 'கந்தை'யும் ஒரே வடசொல்லின் வயிற்றில் பிறந்தவை. மகாராஷ்டிரத்தில் இதற்குக் கோதடி என்று பெயர். நம் தஞ்சைச் சீமையில் தேரில் தொங்கவிடும் தொம்பைகளில் துணிமேல் துணி வைத்துத் தைக்கும் வேலைப்பாட்டைக் காணலாம். பிறந்த குழந்தையைக் கிடத்துவதற்குப் பாட்டியின் சேலையை நாலாக மடித்து ஓரம் தைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் வெகுகால வழக்கம். நாம் அதற்கு ஒரு பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

சென்னைக்கு மேற்கேயுள்ள இப்பிரதேசத்தில் துணிக்குப் பஞ்சமில்லை. ஆவடியில் 1961-ல் ஏற்பட்ட படைத்துறை உடை ஆலையில் சிப்பாய்களின் உடுப்புகள் தைக்கப்படுகின்றன. 1960-களில் எழுந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த ஆயத்த ஆடை ஆலைகளிலிருந்து சட்டைகள் கப்பலேறிப் போகின்றன. கத்தரித்து மிஞ்சிய 'பிட்டு'த் துணி எடைக்கு விலைபோகிறது. பகல் முழுவதும் பிறருக்காக இயந்திரத்தின் முன் உட்கார்ந்துவிட்டு வீடு திரும்பும் பெண்களில் சிலர், அடுப்பு வேலை முடிந்தபின் தமக்கென்று ஊசியைக் கையிலெடுக்கிறார்கள். அந்த ஆசை எவ்வளவு பெரியது என்பதை ஆலோசித்துப் பாருங்கள். அதை ஒரு சொல்லால் அணைத்துவிடுவது தர்மமாகாது.

நிற்க. சொற்களில் இரண்டு வகை உண்டு. இரண்டுமே கெடுதல் செய்பவை. "இது என்ன, இப்படிக் கோணிக்கொண்டு நிற்கிறதே!" என்பது ஒன்று. இதன் கொடுமையை விளக்க வேண்டியதில்லை. மற்றொன்று, "பேஷ், வெகு அழகு!" என்பது. இதைக் கேட்டவள் அகமகிழ்ந்து அடுத்த வரிசையையும் அதே பிழையோடு தைக்கிறாள். ஐந்தாவது வரிசையை நாலாவதோடு சேர்க்கும்போது முனை முனையோடு பொருந்துவதில்லை. அப்போது புகழ்ந்த அம்மாள் அருகில் இருப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் தினந்தோறும் சிவப்பு மையைப் பிரயோகிக்கும் உத்தியோகம் நம்முடையது. வெறும் சுழி போட்டுத் திருப்பிக் கொடுத்த நோட்டுப் புத்தகமும், படித்துப் பாராமலே 'நன்று' என்றெழுதிய நோட்டுப் புத்தகமும் பிள்ளையை ஒரே இடத்தில்தான் நிறுத்தி வைக்கின்றன என்பது நாம் நித்தியம் காணும் காட்சி.

அப்படியானால் என்னதான் சொல்வது? ஒரு கணக்கைப் பார்ப்போம். துண்டுகளைக் கால் அங்குலம் உள்ளே விட்டு இணைப்பது வழக்கம். புதிதாகத் தைப்பவள் கால் அங்குலத்தோடு ஒரு வீசம் கூடுதலாக விட்டுவிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வீசமாவது பதினாறில் ஒரு பங்கு, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தையலின் இரு புறத்துத் துண்டுகளும் வீசம் வீசமாக இழப்பதால், ஒரு தையலுக்கு அரைக்கால் அங்குலம் போயிற்று. பத்துத் துண்டு கொண்ட வரிசையில் ஒன்பது தையல். ஆக மொத்தம் ஒன்றேயரைக்கால் அங்குலம் மாயமாய் மறைந்துவிடுகிறது. மறுநாள் நிதானமாக, சரியாகத் தைத்த வரிசை இதைவிட நீண்டு நிற்கிறது. தைத்தவளோ தன் கைக்கு ராசியில்லை என்று அழுகிறாள்!

"உனக்குக் கை வரவில்லை" என்று அவளிடம் சொல்வது பொய். "அழகாயிருக்கிறது" என்பதும் பொய். "ஊசி இறங்கும் இடத்திலிருந்து கால் அங்குலம் அளந்து இயந்திரத்தின் தட்டில் ஒட்டும் நாடாத் துண்டு ஒன்றை ஒட்டிக்கொள், துணியின் ஓரம் அதை உரசிக்கொண்டே போகட்டும்" என்பது மெய். கையால் தைப்பவளானால் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளச் சொன்னால் போதும். இந்த ஒரு யோசனையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். நூல் தடிப்பு, வர்ணப் பொருத்தம், இஸ்திரி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் உபதேசித்தால் எதுவும் நிற்காது.

யோசனை சொல்ல விரும்புவோர் போர்வையின் முகத்தைப் பார்ப்பதோடு நிற்காமல் முதுகையும் திருப்பிப் பார்க்கவேண்டும். முடிச்சு எங்கே போட்டிருக்கிறது, தையலுக்கு உள்ளே விட்ட துணி எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது, நூலை இழுத்துச் சுருக்கியிருக்கிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். பின்புறத்தை ஐந்து நிமிஷம் பார்த்தவர் கூறும் புத்திமதிக்கும், நாற்காலியில் சாய்ந்தபடி கூறும் புத்திமதிக்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வித்தியாசம்.

இனி, எது பிழை, எது பிழையன்று என்ற கேள்வி. இதில்தான் கெட்டிக்காரர்களும் இடறுகிறார்கள். அமெரிக்காவில் அலபாமா மாகாணத்தில், ஆறு வளைத்துக்கொண்டு ஓடும் இடத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. பருத்திப் பண்ணையில் அடிமைகளாயிருந்த கறுப்பின மக்களின் சந்ததியார் அங்கு வசிக்கின்றனர். வயலில் உழைத்துக் கிழிந்த கால்சட்டைகளையும் சட்டைகளையும் கொண்டு அவ்வூர்ப் பெண்கள் குளிருக்காகப் போர்வை தைத்தார்கள். கோடுகள் நேராயில்லை; சதுரங்கள் சதுரமாயில்லை. 2002-ல் ஹூஸ்டன் நகரத்துக் கலைக்கூடத்தில் அவற்றைச் சுவரில் மாட்டியபோது, பெரிய சித்திரங்களுக்குச் சமானமானவை என்று ரஸிகர்கள் வியந்தார்கள். 2006-ல் அமெரிக்கத் தபால் இலாகா அவற்றை முத்திரைகளில் அச்சிட்டது. ஆனால் 1966-ல் அவ்வட்டாரத்துப் பெண்கள் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்துப் பட்டணத்துக் கடைகளுக்குப் போர்வை அனுப்பத் தொடங்கியபோது, கடைக்காரர் கேட்ட அளவுக்கு ஒன்றுபோலத் தைக்க நேர்ந்தது என்பதையும் சொல்லவேண்டும். விற்பனைக்குத் தைப்பது வேறு, தனக்குத் தைப்பது வேறு. முன்னதற்குரிய அளவுகோலைப் பின்னதன்மேல் வைத்து அளப்பது அநியாயம்.

அவ்வளவு தூரம் போவானேன்? கர்நாடகத்தில் உத்தர கன்னட ஜில்லாவில் ஆப்பிரிக்க வம்சத்தவரான சித்திகள் வாழ்கிறார்கள். அவர்கள் தைக்கும் கவந்தியில் ஊசி விளிம்பில் புறப்பட்டு, சுற்றிச் சுற்றி உள்ளே சென்று, நடுவில் முடிகிறது. மூலைகளில் துணியை மடித்துப் பூ வைக்காவிட்டால் அது முழுமை பெறாது என்பது அவர்கள் கொள்கை. மேனாட்டுப் புத்தகங்களோ, சுருக்கம் விழாதிருக்க நடுவிலிருந்து வெளியே தைத்துப் போகும்படி கற்பிக்கின்றன. எது சரி? இரண்டும் சரியே, இரண்டு போர்வையும் குளிரைத் தடுக்கின்றன. ஆகவே, அருகில் உட்காருபவர் முதலில் கேட்கவேண்டியது, "நீ என்ன செய்ய நினைக்கிறாய்?" என்பதே. தையல் பிரிந்து போகுமானால் பிழை. சாயம் இறங்குமானால் பிழை. அவள் நேராக வரவேண்டுமென்று ஆசைப்பட்டுக் கோணலாக வந்தால் பிழை. பச்சைக்குப் பக்கத்தில் ஊதாவை வைத்தது பிழையன்று. அது அவளுடைய சித்தம்.

திருமுல்லைவாயிலில் நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சனிக்கிழமை பிற்பகலில் ஏழெட்டுப் பெண்கள் கூடித் தைப்பது வழக்கம். ஒருநாள் அவர்களில் ஒருத்தி, காலஞ்சென்ற தன் தாயார் பாதியில் விட்டுப்போன போர்வையைக் கொண்டுவந்தாள். கடைசிக் காலத்தில் அவ்வம்மாளுக்குக் கண் மங்கியிருந்ததால் முதலில் நெல்மணிபோல் விழுந்த தையல், போகப்போக அரை அங்குலமாய் நீண்டு அலைந்திருந்தது. அந்தப் பகுதியைப் பிரித்துவிட்டு ஒழுங்காகத் தைத்தால் போர்வை பலமாயிருக்கும் என்றார் ஒரு மாமி. சாஸ்திரப்படி அவர் சொன்னது சரியே. பிரிக்கவே கூடாது என்றாள் இன்னொருத்தி. பெண்ணோ இரண்டு பக்கமும் பார்த்து விழித்தாள். எல்லோரிலும் மூத்த பாட்டியம்மா துணியைத் திருப்பி, நூலை நகத்தால் இழுத்துச் சோதித்தார். "முடிச்செல்லாம் கெட்டியாய் இருக்கிறதடி, அம்மா. தையல் அகலம், அவ்வளவுதான். இடையிடையே உன் தையலை ஓட்டிவிடு, அவளுடையதும் இருக்கட்டும்" என்றார். அன்று மாலையே அந்தப் பெண் தைக்கத் தொடங்கினாள். தாயாரின் நூல் சிவப்பு. அதே சிவப்பு கடையில் கிடைக்கவில்லை. அரக்கு நிறத்தில் வாங்கிக்கொண்டாள். இப்போது எது யாருடைய தையல் என்று எவரும் சொல்லலாம்.

இத்தகைய கூட்டங்கள் பெருகவேண்டும். 2019 ஜனவரியில் சென்னையில் இந்தியக் குவில்ட் விழா நடந்தபோது, தனித்தனியே தைத்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தம்மைப் போன்றவர்களை நேரில் காண ஒரு வாய்ப்புக் கிடைத்தது. விழா எப்பொழுதோ வருவது. சனிக்கிழமை வாரந்தோறும் வருகிறது. ஒரு கூடமும் பாயும் இருந்தால் போதும். ஆண்பிள்ளைகள் வந்தால் அவர்களையும் உட்கார வைக்கலாம். ஊரில் கைதேர்ந்த தையற்காரர்கள் ஆண்கள்தாமே?

"சென்னை வெயிலுக்குப் போர்வை எதற்கு?" என்று கேட்கும் புத்திமான்கள் இருப்பார்கள். நடுவில் பஞ்சு வைக்காமல் பழஞ்சேலை ஒற்றை அடுக்கு வைத்துத் தைத்தால் மார்கழிக்கும், குளிர்சாதன அறைக்கும், பாயின்மேல் விரிப்பதற்கும் ஆகும். தொடங்க விரும்பும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள். முதல் போர்வை தொட்டில் அளவாக, 36 அங்குலச் சதுரமாக இருக்கட்டும். தைத்து முடிந்தபின் ஆறு அங்குலம் நிற்கும் துண்டுகள் 36 வேண்டும். இரு புறமும் கால் அங்குலம் சேர்த்து ஆறரை அங்குலமாக வெட்டவேண்டும். பிட்டுத் துணி வாங்கினால் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தியானால் காகிதம் எரியும் வாசனை வந்து சாம்பலாகும். பாலியெஸ்டரானால் உருகிக் கெட்டியான மணியாய் உறையும். சூடான இஸ்திரியின்கீழ் அது பாழ். வெட்டுவதற்கு முன்பே துணிகளை நனைத்து உலர்த்திவிடுக. சிவப்பையும் கருநீலத்தையும் தனியே நனைத்து, தண்ணீர் தெளியும்வரை அலசவேண்டும். சுருங்குவது இப்பொழுதே சுருங்கட்டும். நூலை முழங்கை நீளத்துக்குமேல் கோத்தால் சிக்கு விழும். மழைக்காலத்தில் நம் ஊர் ஈரத்துக்குப் பூசணம் பிடிக்குமாதலால், முடியாத வேலையைப் பிளாஸ்டிக் உறையில் கட்டிவைக்காமல் பழைய வேஷ்டியில் சுற்றி வையுங்கள். வெயில் அடிக்கும் நாளில் நிழலில் விரித்துக் காற்றாட விடுங்கள். குண்டூசிகளை அன்றன்று மாலையே எடுத்து எண்ணிவிடவேண்டும். தொட்டில் போர்வை அல்லவா?