பாடியவர் யார்?

கொடைக்கானலில் பாம்பாறு அருவிக்கு வழி கேட்டால் ஒருவேளை யோசிப்பார்கள். ‘லிரில் ஃபால்ஸ்’ என்று கேட்டால் சட்டென்று கைகாட்டுவார்கள். 1970களின் நடுவில் ஒரு சோப்பு விளம்பரத்தை அங்கே படம்பிடித்தார்கள். அருவிக்கடியில் துள்ளிக் குதித்த கேரன் லூனெல் நாடறிந்த முகமானார். மெட்டமைத்தவர், ஷியாம் பெனகலின் படங்களுக்கு இசை தந்த வன்ராஜ் பாட்டியா. கடைசியில் அருவிக்கே சோப்பின் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த மெட்டைப் பாடிய பெண்குரலுக்கு மட்டும் திரையில் பெயர் இல்லை.

விளம்பரம் என்றால் அப்படித்தான். கம்பெனியின் பெயர் மூன்று முறை வரும், விலை ஒரு முறை வரும், பாடியவர் பெயர் ஒரு முறைகூட வராது.

வானொலியின் பழக்கம் இதற்கு நேரெதிர். படம், இசை, பாடல், பாடியவர்கள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் இசைத்தட்டைச் சுழலவிடுவார்கள். இலங்கை வானொலியில் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரைக் கேட்டு வளர்ந்த தமிழ்நாட்டுத் தலைமுறைக்கு எந்தப் பாட்டை யார் பாடினார் என்பது பாட்டோடு சேர்ந்தே மனப்பாடம். ஜிக்கி, ஜமுனாராணி, எல்.ஆர். ஈஸ்வரி என்று முகம் பார்க்காமலே குரலை வைத்து அடையாளம் சொல்லும் பழக்கம் அப்படி வந்ததுதான். டிவி விளம்பரத்தில் பெயரில்லாமல் ஒலித்த பெண்குரல் யாருடையது என்று ஒரு வானொலி அறிவிப்பாளர் தேடப் போனால், இந்திய இசையின் அதிகம் பேசப்படாத ஒரு வாசல் திறக்கும்.

கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பெயரில்லாத நிலை எளிதில் புரியும். நெய்வேலிப் பக்கத்துக் களிமண்ணை நம்பி வளர்ந்த பீங்கான் ஊர் அது. செராமிக் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசுப் பயிலகம் அங்கே உண்டு. பொம்மைகளும் மின்சாதனங்களுக்கான பீங்கான் பாகங்களும் சிறு தொழிற்கூடங்களின் சூளையிலிருந்து வெளியே வருகின்றன. எங்கோ ஒரு வீட்டின் மீட்டர் பெட்டியில் வெள்ளை ஃபியூஸ் கேரியரைக் கழற்றிக் கம்பி மாற்றுகிறவர், அதை வார்த்தது யார் கை என்று கேட்பதில்லை. ஜிங்கிள் எனப்படும் விளம்பரப் பாட்டைப் பாடிய பெண்களின் நிலையும் இதுதான். வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள், பெயர்தான் இல்லை.

பட்டறை வேலைக்கும் வானொலிக்கும் பொருத்தம் அதிகம். கையில் மண் இருக்கும்போது கண் திரைக்குப் போக முடியாது, காது சும்மாதான் இருக்கும். பகலில் ரேடியோவில் கேட்ட ஜிங்கிளையே ராத்திரி வீட்டில் டிவியிலும் கேட்பார்கள். இப்படி இரண்டு பக்கமும் ஒரே குரல் ஒலிப்பதற்கு வழிவிட்ட ஆண்டுகள் இரண்டு. 1967 நவம்பரில் விவித பாரதியில் விளம்பரம் நுழைந்தது. 1976 ஜனவரி 1 முதல் தூர்தர்ஷனும் விளம்பரம் வாங்கத் தொடங்கியது. சென்னையில் தூர்தர்ஷன் ஆரம்பித்து அப்போது ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

விளம்பரம் பெருகப் பெருக, அதைப் பாடக் குரல்கள் வேண்டியிருந்தன. இதில்தான் புதிதாக வந்த பெண்களுக்கு ஓர் இடம் கிடைத்தது.

அன்றைய பம்பாய் சினிமாவில் பெண்குரல் என்றால் லதா, ஆஷா என்ற இரண்டு பெயர்கள்தான் முதலில் வரும். அவர்களைத் தாண்டி ஒரு புதுப் பெண்ணுக்கு மைக் கிடைப்பது குதிரைக்கொம்பு. விளம்பரத்துக்கு அந்தக் கவலை இல்லை. அதற்கு நட்சத்திரப் பாடகி தேவையில்லை. சுருதி பிசகாமல், சொன்ன நொடிக்குள் பாடி முடிக்கிற குரல் போதும். டெல்லியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து வளர்ந்து பம்பாய்க்கு வந்த கவிதா கிருஷ்ணமூர்த்தியின் பாட்டைக் கேட்ட மன்னா டே, அவரை விளம்பரங்களுக்குப் பாட வைத்தார். பிறகு ஹேமமாலினியின் தாயார் ஜெயா சக்ரவர்த்தி அவரை இசையமைப்பாளர்கள் லட்சுமிகாந்த் பியாரேலாலிடம் அழைத்துப் போனார். அங்கேயும் பல ஆண்டுகள் மற்ற பாடகிகளுக்காக முன்கூட்டிப் பாடிவைக்கும் ‘டப்பிங்’ வேலைதான். 1987இல் ‘மிஸ்டர் இந்தியா’ வந்தபோதுதான் நாடு அவர் பெயரைக் கேட்டது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அந்தக் குரலை விளம்பரங்களில் நாடு கேட்டுக்கொண்டிருந்தது.

பிரீத்தி சாகரின் கதை தலைகீழ். 1976இல் பெனகல் எடுத்த ‘மந்தன்’ படத்துக்குக் குஜராத்தின் பால் உற்பத்தியாளர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டார்கள். கிராமத்துக்குக் கூப்பிடுவதுபோல வரும் அதன் பாடலைப் பிரீத்தி பாடினார், எழுதியவர் அவருடைய சகோதரி நீதி சாகர், இசை அதே வன்ராஜ் பாட்டியா. பிரீத்திக்கு ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தது. படம் தியேட்டரை விட்டுப் போன பிறகு, அந்தப் பாடலை அமுல் தன் டிவி விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டது. படத்தைப் பார்க்காத கோடிக்கணக்கானவர்களுக்கு அது ‘பால் விளம்பரப் பாட்டு’. அவர்கள் காதுக்கு அந்தக் குரலைக் கொண்டுவந்தது விளம்பரம். பாடியவருக்கு விருது கிடைத்த செய்தியை அது கூடவே கொண்டுவரவில்லை.

சென்னைக்கு வருவோம். ஆல்வின் கைக்கடிகார விளம்பரத்துக்கு 1987இல் இசையமைத்த திலீப் என்ற இளைஞர், அடுத்த ஐந்தாண்டுகளில் 300க்கும் மேற்பட்ட ஜிங்கிள்களை முடித்திருந்தார். இன்று உலகம் அவரை ஏ.ஆர். ரஹ்மான் என்று அறியும். லியோ காபி விளம்பரத்துக்காக விருது வாங்கிய விழாவில் அவரை மணிரத்னத்துக்கு அறிமுகம் செய்துவைத்தவர் சாரதா திரிலோக் என்ற விளம்பரப்படத் தயாரிப்பாளர். இந்தக் கதை பலருக்கும் தெரியும். அந்த ஜிங்கிள்களுக்காக ஸ்டூடியோவில் மைக்குக்கு முன்னால் நின்ற பெண்களின் கதை அவ்வளவாகத் தெரியாது.

சுஜாதா சிறுமியாக யேசுதாஸுடன் மேடையேறியவர். 1977இலேயே இளையராஜா இசையில் பாடிவிட்டார். திருமணத்துக்குப் பின் தமிழ்த் திரையில் நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியில் ரஹ்மானுக்காக ஜிங்கிள்கள் பாடினார். அந்தப் பழக்கம்தான் 1992இல் ‘ரோஜா’வின் ‘புதுவெள்ளை மழை’யில் கொண்டுபோய் நிறுத்தியது. ரசிகர்களுக்கு அது ஒரு பாடகியின் மறுபிரவேசம். இசையமைப்பாளருக்கோ, விளம்பர வேலைகளில் பலமுறை சோதித்துப் பார்த்த குரல்.

ஜிங்கிள்களில் ஊறிய இன்னொருவர் மால்குடி சுபா. ‘ரோஜா’ வருவதற்கு ஓராண்டு முன், 1991இல் மேக்னாசவுண்ட் வெளியிட்ட ‘செட் மி ஃப்ரீ’ என்ற ஆங்கில ஆல்பத்தில் அவர் பாடினார். இசை, அதே திலீப். அப்போது அதைக் கண்டுகொண்டவர்கள் மிகக் குறைவு. இசையமைப்பாளர் புகழடைந்த பிறகுதான் அதைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். இருவரும் விளம்பர உலகில் ஒன்றாக நின்றவர்கள் என்பதற்கு அந்த கேசட் ஒரு சாட்சி.

ஜிங்கிள் பாடுவது சின்ன வேலை என்று நினைக்கலாம். சினிமாப் பாட்டுக்கு நான்கைந்து நிமிடம் உண்டு. பல்லவியில் தடுமாறினாலும் சரணத்தில் மீட்டுவிடலாம். விளம்பரத்துக்குக் கணக்கு 10 நொடி, 20 நொடி, 30 நொடி. அதற்குள் மெட்டு பிடிபட வேண்டும், சொல் தெளிவாகக் கேட்க வேண்டும், கடைசியில் கம்பெனி பெயர் காதில் தங்க வேண்டும். மூச்சு விடும் சத்தம்கூட நேரத்தைத் தின்னும். பெரும்பாலும் ஒரே மெட்டைத் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்று அடுத்தடுத்துப் பாட வேண்டியிருக்கும். ஒவ்வொரு மொழியிலும் சொல்லின் நீளம் மாறும், உச்சரிப்பு மாறும், நொடிக்கணக்கு மட்டும் மாறாது. தாயாகப் பாடு, கல்லூரிப் பெண்ணாகப் பாடு, எட்டு வயதுக் குழந்தையாகப் பாடு என்று ஒரே மதியத்தில் மூன்று வேடமும் கேட்பார்கள். இந்தப் பயிற்சி பெற்ற பெண்கள் பின்னாளில் சினிமாவுக்கு வந்தபோது, எந்த மொழியிலும் எந்தக் குரலிலும் பாட முடிந்ததில் வியப்பில்லை.

சட்டத்தில் பாடகருக்கு உரிமை உண்டு. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், வணிகப் பயன்பாட்டுக்குப் பாடியவருக்கு ராயல்டி உண்டு என்றது. அதை வசூலிக்க 2013இல் பாடகர்களே ‘இஸ்ரா’ என்ற சங்கத்தை அமைத்தார்கள். ‘இதைப் பாடியது நான்’ என்று அடையாளம் கோரும் உரிமையையும் 38பி பிரிவு தருகிறது. கூடவே ஒரு விலக்கும் வைத்திருக்கிறது. பயன்படுத்தும் முறையே பெயரை விட்டுவிடும்படி செய்தால், அந்த உரிமை பொருந்தாது. அரை நிமிட விளம்பரத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த வாசகம்போல இருக்கிறது இது. பெயர் போட நேரமில்லை என்று ஒரு விளம்பர நிறுவனம் சொன்னால் மறுப்பது கடினம். பாடகியின் கைக்கு வருவது பெரும்பாலும் பாடிய அன்றைய சம்பளம்தான்.

வெளிநாடுகளில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் காற்று வேறு பக்கம் அடித்தது. 2002இல் பிரிட்டனில் ‘ஷஸாம்’ வந்தது. அன்று 2580 என்ற எண்ணுக்குப் போன் போட்டு, ஒலிக்கிற பாட்டைக் காட்டினால், பெயர் குறுஞ்செய்தியாக வந்தது. விளம்பரத்தில் கேட்ட பாட்டு எது என்று இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கனடாவின் ஃபைஸ்ட் பாடிய ‘1234’ 2007இல் ஐபாட் நானோ விளம்பரத்தில் ஒலித்தது. அதன்பின் அது அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 8ஆம் இடத்துக்கு ஏறியது. அடுத்த ஆண்டு மேக்புக் ஏர் விளம்பரத்தில் வந்த யேல் நயீமின் ‘நியூ சோல்’ 7ஆம் இடம். அதே காலத்தில் இங்க்ரிட் மைக்கேல்சன் என்ற நியூயார்க் பாடகியை ஒரு துணிக்கடை விளம்பரம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பெரிய இசை நிறுவனம் எதுவும் அவருக்குப் பின்னால் இல்லை. வானொலி முதலில் ஒலிபரப்பி விளம்பரம் பிறகு பயன்படுத்திய வரிசை மாறிப்போனது. விளம்பரத்தைக் கேட்டுவிட்டு நேயர்கள் கேட்க, வானொலிக்காரர்கள் பின்னால் ஓடிப் பிடித்தார்கள்.

அந்தப் பாடகிகளுக்கும் நம் ஜிங்கிள் பாடகிகளுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. அங்கே விளம்பரம் எடுத்துக்கொண்டது ஏற்கெனவே வெளியான ஒரு பாட்டை. அதற்குத் தலைப்பு உண்டு, ஆல்பம் உண்டு, கடையில் வாங்கலாம். இங்கே பாடுவதோ அந்தப் பொருளுக்கென்றே எழுதிய நாலு வரி. ஷஸாமில் காட்டினாலும் பெயர் கிடைக்க வழியில்லை, ஏனென்றால் அது பாட்டாக எங்கும் வெளியாகவே இல்லை.

கம்பெனிகளே பாடகரின் பெயரை முன்னால் வைக்கும் வழியும் ஒன்று வந்திருக்கிறது. குளிர்பானக் கம்பெனியின் ‘கோக் ஸ்டூடியோ’ 2008இல் பாகிஸ்தானில் தொடங்கியது. 2022இல் அதில் வந்த ‘பசூரி’, இன்ஸ்டாகிராமில் மற்றவர் பாடல்களைப் பாடிப் போட்டுக்கொண்டிருந்த ஷே கில் என்ற மாணவியை எல்லை தாண்டித் தெரியவைத்தது. 2023இல் தமிழுக்கும் அந்த மேடை வந்தது. அங்கே பாடகியின் பெயர் திரையிலேயே வருகிறது. ஆனால் அது மூன்று நான்கு நிமிடப் பாட்டு. சோப்புக்கும் சேமியாவுக்கும் பாடுகிற பெண்ணுக்கு அந்த மேடை இல்லை.

வானொலியும் மாறியிருக்கிறது. 2003இல் சென்னையில் தனியார் பண்பலைகள் வந்ததும் அறிவிப்பாளர் ‘ஆர்ஜே’ ஆனார். பேச்சு பெருகியது. படம், இசை, பாடியவர் என்று முழுதாகச் சொல்கிற வழக்கம் பல நிகழ்ச்சிகளில் சுருங்கியது. ஆனால் நேயரோடு நெருக்கம் கூடியது. ரேடியோ மிர்ச்சியில் ஆர்ஜேயாகச் சென்னையை எழுப்பிக்கொண்டிருந்த சுசித்ராவே பின்னணிப் பாடகியானார். ஸ்டூடியோவின் இரண்டு பக்கமும் தெரிந்தவர்கள் வானொலிக்குள்ளேயே இருக்கிறார்கள் என்பதற்கு அவர் ஓர் உதாரணம்.

அப்படி ஒரு ஆர்ஜே இன்று ஒரு ஜிங்கிள் குரலைத் தேடிப் போவது முன்புபோல் கடினமில்லை. விளம்பரப்படங்களை யூடியூபில் ஏற்றும்போது இயக்குநர், இசையமைப்பாளர், பாடகர் பெயர்களைச் சிலர் கீழே குறிப்பாகத் தருகிறார்கள். அது இல்லாவிட்டால் விளம்பர நிறுவனம், அங்கிருந்து இசையமைப்பாளர், அவரிடமிருந்து பாடகி என்று மூன்று போன்களில் போய்ச் சேரலாம். உள்ளூர் ஜவுளிக்கடை, நகைக்கடை விளம்பரங்களில் பலவற்றைப் பண்பலை நிலையங்களே தங்கள் ஸ்டூடியோவில் செய்கின்றன. அங்கே பாடியவர் பக்கத்து அறையிலேயே இருக்கலாம்.

விளம்பர நேரம் விற்பனைக்கு உரியது, ஒவ்வொரு 10 நொடிக்கும் விலை உண்டு. அதற்குள் பாடகியின் பெயரை நுழைக்க எந்தக் கம்பெனியும் காசு தராது. ஆர்ஜே பேசுகிற நேரத்துக்கு அந்த விலைப்பட்டியல் இல்லை. ‘சற்றுமுன் நீங்கள் கேட்ட மசாலா விளம்பரத்தைப் பாடியவர் இன்னார்’ என்று சொல்ல ஐந்து நொடி போதும்.